சுருள் குழாய்க்கு உடைத்த பூசணிக்காய்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தான். விடிந்தால் உங்கள் மருமகன் அரிசி மில்லுக்குப் போய் பாய்லருக்குத் தீ மூட்ட வேண்டும். உங்கள் வேலையைத்தான் அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்களைக் கொன்ற குழாயும் அங்கேதான் இருக்கிறது. என்ஜின் கழித்துவிடும் ஆவியின் சூட்டில், பாய்லருக்குப் போகும் தண்ணீரைக் காயவைக்கிற அந்தச் சுருள். நேர்க்குழாயாகப் போட்டு இரண்டு முனையிலும் மூடி வையுங்கள், திறந்து சுரண்டலாம் என்று சொன்னீர்கள். சுருளென்றால் சின்னத் தொட்டிக்குள் நிறையக் குழாய் அடங்கும், எரிக்கிற உமி மிச்சம் என்றார் முதலாளி. அரியலூர்க் கிணற்றுத் தண்ணீர் வெந்நீர்த் தவலையிலேயே சுண்ணாம்பாய்ப் படிகிறது. வளைந்த குழாயைச் சும்மா விடுமா? பம்பு தள்ளிய தண்ணீர் போக வழியில்லாமல் குழாய் வெடித்தது. நீங்கள் வெந்தீர்கள்.

உங்களைக் கல்லறைக்குத் தூக்கியபோது முதலாளி பக்கத்து ஆளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நெல்லு வெந்தா அரிசியாவது ஆகும். இந்தாளு வெந்து நமக்கு வேலைதான் கெட்டுச்சு."

வெடித்த இடத்தில் இரும்புப் பட்டை வைத்து இறுக்கினார்கள். குழாயை மாற்றவில்லை, பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். நான் போய் முதலாளியிடம் புதுக் குழாய் கேட்டேன்.

"யுத்த காலத்துல இரும்புக்கு எங்கம்மா போறது? காலேஜுல படிச்ச பொண்ணு, பேப்பர் பாக்கறதில்லையா?"

அவர் வீட்டு மாடிக்கு இரும்புக் கிராதி வந்திருக்கிறது அப்பா. மயிலெல்லாம் வைத்து.

பட்டைக்குக் கீழே மறுபடி கசிகிறதாம். துணி சுற்றியிருக்கிறார்களாம். சாயங்காலம் இவர்தான் சொன்னார், சோற்றைப் பிசைந்துகொண்டே. போகாதீங்க என்றேன்.

"நான் போகலைன்னா பெரம்பலூர்லேருந்து ஒருத்தன் வர்றதுக்கு ரெடியா நிக்கிறான். உங்கப்பா மட்டும் தெரியாமலா போனாரு?"

இவர் கை கழுவிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் மில்லுக்குப் போவேன். பாய்லரின் அடுப்பு வாயில் உட்காருவேன். அந்தச் சுருளைக் கழற்றி வெளியே போடுகிறவரை எழுந்திருக்க மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. வேண்டுமானால் எங்கள் மேல் உமியைக் கொட்டி மூட்டட்டும்.

ஆனால் இவருக்குச் சொல்ல எனக்கொரு பதில் வேண்டும். அன்றைக்கு அது வெடிக்கும் என்று தெரிந்துதான் உள்ளே போனீர்களா? இல்லை என்று ஒரு வார்த்தை போதும். விடிவதற்குள், சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் மகள்,
உங்கள் பேரனின் அம்மா,
லூர்துமேரி