மெயின் படம் மட்டும்

அக்காவுக்கு,

அப்பா போனதிலிருந்து ஸ்டூடியோ பூட்டியே கிடந்தது. காலி செய்வதற்கு முன், அவர் எடுத்த கல்யாண டிவிடிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். கருப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடித்தால் போதும், நகல் வந்துவிடும். நகலெடுத்த டிஸ்க்கைக் குப்பையில் போட்டுக்கொண்டே வந்தேன்.

நேற்றுதான் கவனித்தேன். நான் அடித்த கட்டளை டிஸ்க்கிலிருக்கும் நீளமான படத்தை மட்டும் எடுக்கிறது, சின்னத் துண்டுகளை விட்டுவிடுகிறது. தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பொறுக்கி, மறுபடி முழுதாக எடுக்கிறேன். பெரும்பாலும் உதவாத துண்டுகள்: விளக்குச் சோதனை, வெறும் மேடை.

யாருடைய கல்யாண டிஸ்க்கிலோ, ஒரு துண்டில் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல் வந்தது. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து அப்பா எடுத்திருக்கிறார். நீயும் மாமாவும் படியிறங்கி வருகிறீர்கள். உன் கல்யாணத்தை அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவர் எடுத்த எதிலும் படம் ஆடியதில்லை. இதில் ஆடுகிறது. பக்கத்தில் யாரோ கேட்கிறார், "என்னங்க, கை இப்படி நடுங்குது?"

"கேமரா பழசுங்க" என்கிறார் அப்பா.

அது புத்தம் புதுக் கேமரா. அவரோடு கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்ததே நீதானே.

உனக்கு ஒரு நகல் எடுத்துவைத்திருக்கிறேன்.

தம்பி