சோம்பேறியின் இடது முன்னங்கால்

பிப்ரவரி 8, சனி

காலையிலேயே லாயத்து மோட்டார் மக்கர் பண்ணிவிட்டது. வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது. இந்த லட்சணத்தில் தம்பியோடு வாய்ச்சண்டை வேறு.

நாளைக்குச் சோம்பேறி ஓடுகிறது. குதிரை மில்காரருடையது, பழக்குகிறவன் தம்பி, ஏலத்தில் பார்த்து எடுத்துக் கொடுத்தவள் நான். நின்ற இடத்திலேயே தூங்குவதால் அந்தப் பெயர். ஏலத்தன்று வரிசைக் கடைசியில் அது நடந்து வந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். முன்னங்கால் பதிந்த இடத்தைத் தாண்டி ஒரு சாண் முன்னால் விழுந்தது பின்னங்கால். சரிந்த தோள், ஆழமான மார்பு, முழங்காலுக்குக் கீழே குட்டையான உறுதியான எலும்பு. ஏலப் புத்தகத்தில் வம்சாவளிப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. எப்போதுமே திருப்பமாட்டேன். தம்பிக்கு அதுதான் வேதம். "அக்கா, இதோட அம்மா வழியில ஒண்ணுகூட உருப்படலை" என்றான். "நான் என்ன அதோட அம்மாவையா வாங்கப் போறேன்?" என்றேன்.

என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டை மூன்று தலைமுறைக்குத் துருவி விசாரித்தார்கள். அந்த மனுஷன் நடந்து வருவதை ஒருத்தரும் பார்க்கவில்லை. இரண்டே வருஷத்தில் நடையைக் கட்டிவிட்டார்.

நாளைக்கும் தோற்றால் இனி ஏலத்துக்கு என் கண் வேண்டாம், வம்சாவளிக் காகிதம் போதும் என்று மில்காரர் சொல்லிவிட்டாராம். உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் நடக்கச் சொல்கிறது உடம்பு.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஜெயித்துவிட்டது! இரண்டாவதாக வந்த குதிரை எங்கோ பின்னால். தம்பி என்னைத் தூக்கிச் சுற்றினான் – இந்த வயதில், அத்தனை பேர் முன்னால். "உங்க கண்ணே கண்ணும்மா" என்றார் மில்காரர். அடுத்த ஏலத்தில் நான் கைகாட்டுவதுதானாம். இன்னும் இரண்டு வாரத்தில் வரும் பெரிய கோப்பையிலும் இதை இறக்கிவிட வேண்டியதுதானாம்.

நானும் கைதட்டினேன். ஆனால் –

வளைவில் வலது முன்னங்காலை நீட்டி ஓடும் குதிரை, நேர்ப்பாதைக்கு வந்ததும் இடதுக்கு மாற்றிக்கொள்ளும். சோம்பேறியும் மாற்றியது. உடனே வலதுக்கே திரும்பியது. மறுபடி மாற்றியது, மறுபடி திரும்பியது. சுடுகிற தரையில் கால் வைத்துப் பார்க்கிற மாதிரி. வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஜெயிக்கிற குதிரையின் காலை யார் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 10, திங்கள்

பார்த்தேனா? பார்த்ததாக நினைத்தேனா?

பிப்ரவரி 11, செவ்வாய்

சிமெண்டுத் தரையில் நடக்க வைத்துப் பார்த்தேன். முன்னாலிருந்து, பின்னாலிருந்து, பக்கவாட்டில். இடது முன்னங்கால் முழுசாக நீளாமல் இரண்டு விரற்கடை குறைவாகவே விழுகிறது. தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை, வீக்கம் இல்லை. "ஜெயிச்ச குதிரையில நொட்டை சொல்ல உன்னாலதான்க்கா முடியும்" என்றான் தம்பி. ஆனாலும் குதிரை டாக்டரம்மாவைக் கூப்பிட்டான்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. அந்தம்மா நேர்மையானவர், பூசி மெழுகத் தெரியாது. "மயிரிழை விரிசல் இருந்தா ஆரம்பத்துல படத்துல விழாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சுத் தெரியலாம். அதுக்காக இல்லாததை இருக்குன்னு நான் எப்படி எழுதித் தர முடியும்?"

முடியாதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

மில்காரர் பெரிய கேக்கோடு வந்தார். எல்லோருக்கும் தன் கையாலேயே வெட்டிக் கொடுத்தார். வாயில் கேக்கை வைத்துக்கொண்டே சொன்னேன்: "இந்தக் கோப்பைக்கு வேண்டாம் சார், இடது கால் எனக்குச் சரியாப் படலை." சிரித்தார். "டாக்டர் ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஓட்டுற ஜாக்கியும் ஒண்ணுமில்லைங்கறார். வாங்குற வரைக்கும்தான்மா உங்க கண்ணு வேணும்." மேற்கொண்டு பேசவிடவில்லை.

பிப்ரவரி 15, சனி

இன்று மெதுவாக ஓடவிட்டார்கள். நன்றாகத்தான் ஓடியது! என்னத்தைச் சொல்வது.

ஒருவேளை கோப்பையில் தோற்றுவிடுமோ என்ற பயத்துக்குத்தான் கால்வலி என்று பெயர் வைத்திருக்கிறேனா? இப்போது நான் ஜெயித்தவள். இப்படியே நிறுத்திக்கொள்ளப் பார்க்கிறேனா? அப்படியும் இருக்கலாம். என்னை எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் எப்போதோ பார்த்த ஒரு செம்பட்டைக் குதிரை ஞாபகத்துக்கு வருகிறது. பந்தயத்தின் நடுவில் கால் ஒடிந்து மூன்று காலில் நின்றது. சுற்றிலும் திரை பிடித்தார்கள். உள்ளே டாக்டர் கடைசி ஊசியோடு போனார். சோம்பேறிக்கு அந்தத் திரை வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

கத்திவிட்டேன். லாயத்து ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி.

"நீ பழக்குற குதிரைதானேடா, நீ நிறுத்தேன்!"

"என்ன சொல்லி நிறுத்துறது? எங்க அக்காவுக்குத் தோணுதுன்னா? நாளைக்கே எல்லாக் குதிரையையும் வேற லாயத்துக்கு ஓட்டிட்டுப் போயிடுவார். அவருக்குக் காகிதத்துல ஏதாவது காட்டணும்க்கா."

காகிதத்தில்.

பிப்ரவரி 19, புதன்

விடிந்ததும் தம்பியிடம் சோம்பேறியின் வம்சாவளியைக் கேட்டேன். தலையில் இடி விழுந்தவன் போலப் பார்த்தான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னான். தாய், இப்போது சோம்பேறிக்கு ஆகிற அதே மூன்று வயதில் கால் முறிவு. தாயின் தங்கை, அதே வயது, அதே கதை. மாமன்கள் இரண்டும் அப்படியே. எனக்கு இதில் ஒரு எழுத்தில்கூட நம்பிக்கை இல்லை. நான்குமே ஒரே ஆளிடம் இருந்தவை. அவர் பிஞ்சிலேயே கட்டாந்தரையில் போட்டு ஓட்டுகிறவர். எந்த ரத்தமானாலும் ஒடிந்திருக்கும்.

மில் ஆபீசுக்குப் போனோம். காகிதத்தை விரித்து, "வம்சத்திலேயே இருக்கு சார்" என்றேன். என் வாயால்! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"நாலும் மூணு வயசுலயா?"

"ஆமா சார்."

"இதை வாங்கும்போதே ஏன்மா சொல்லலை?"

"நான் பார்க்கலை சார். தப்புதான்."

போனை எடுத்துப் பந்தயத்திலிருந்து பெயரை நீக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்க்காமல் தம்பியிடம், "இனிமே ஏலத்துல நீங்க மட்டும் பாருங்க. அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

காரில் ஏறும்போது தம்பி கேட்டான், "நீ இதை நம்புறியா?"

"இல்லை."

"பின்ன?"

"அவர் நம்புறாரே."



பிப்ரவரி 23, ஞாயிறு

கோப்பைப் பந்தயம். நான் போகவில்லை. சத்தம் மட்டும் லாயம் வரை கேட்டது. ஜெயித்த குதிரையைத் தம்பி போனில் காட்டினான். சோம்பேறி ஓடியிருந்தால் அதைச் சாப்பிட்டிருக்கும். மில்காரர் கூப்பிட்டு அதையே சொல்லிப் புலம்பினாராம். அலமாரியைக் கலைத்து அடுக்கினேன். மறுபடி கலைத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

டாக்டரம்மா திரும்ப எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினார். இடது முன்னங்கால் எலும்பில் குறுக்காக ஒரு கோடு, தலைமுடி கனம்.

"கோப்பையில ஓடியிருந்தா –" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

வைக்கோலிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இல்லை. சோம்பேறி என் தலைக்கு மேலே தூங்கிக்கொண்டிருந்தது.

ஓய்வு கொடுத்தால் முழுசாக ஆறிவிடும், மறுபடி பந்தயத்திலேயே ஓடலாம் என்றார் டாக்டரம்மா.

ஏப்ரல் 8, செவ்வாய்

மில்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் – வம்சாவளி பார்த்ததால்தான் கால் தப்பித்ததாம். சரி, சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் இன்று லாயத்துக்கே வந்து, சோம்பேறியை விற்றுவிட்டதாகச் சொன்னார். சவாரி கற்றுக்கொடுக்கும் பள்ளிக்கு, கேட்ட விலைக்கு.

"கால் ஆறிடும்னு டாக்டரே சொல்றாங்களே சார்!"

"கால் ஆறிடும்மா. ரத்தம்? நீங்கதானே காட்டினீங்க?"

காலைக் காப்பாற்றினேன், ஓட்டத்தை நானே முடித்து வைத்தேன். வேறு வழி இருந்ததா? இருந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. தம்பி "விடுக்கா, விடுக்கா" என்று என் பின்னாலேயே நடந்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொட்டடியைக் கழுவினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இத்தனை நாள் போகாமல் இருந்தேன். இன்று போனேன்.

வட்டத்தில் ஏழெட்டுக் குதிரைகள், மேலே குழந்தைகள். எல்லாவற்றுக்கும் முன்னால் சோம்பேறி. "இது வரிசையில நிக்கமாட்டேங்குதும்மா. நடந்தாலே முன்னாடி போறதை இடிச்சிடுது. அதான் முதல்ல விட்டுட்டோம்" என்றார் வாத்தியார். நான் பின்னால் போய் நின்றுகொண்டு பார்த்தேன். இடது கால் முழு நீளத்துக்கும் போய் விழுகிறது. வலதுக்கும் இடதுக்கும் எள்ளளவு வித்தியாசமில்லை. இப்போது ஓடவிட்டால் – வேண்டாம், அதை எழுதவேண்டாம்.

வகுப்பு முடிந்து குழந்தைகள் இறங்கினார்கள். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து வாத்தியார், "வேணும்னா ஒரு சுத்து ஏறிப் பாருங்களேன்" என்றார்.

இத்தனை வருஷமும் குதிரைகளைத் தரையில் நின்று பார்த்தே காலம் போய்விட்டது. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏறியதுதான். புடவையைச் செருகிக்கொண்டேன். இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள், ஒரே சிரிப்பு. மேலே உட்கார்ந்தால் கால் ஒன்றும் தெரிவதில்லை, பிடரியும் இரண்டு காதும்தான். குனிந்து குனிந்து பார்த்தேன். "விழுந்துடப் போறீங்கம்மா, நேராப் பாருங்க" என்று வாத்தியார் சத்தம் போட்டார். நேராகப் பார்த்தேன். சோம்பேறி நடந்தது.