படத்துக்குப் பின்னால் இருந்த குருத்தோலை

புக்கிட் காத்தில், மலாக்கா,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ரையனுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீயும் மருமகள் ஷரோனும் பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபிக்கிறேன், நேற்றும் செபித்தேன், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு செபித்தேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீயும் "ஓகேமா, ஓகேமா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை புவனேஸ்வரன் என்று ஒருவர் வந்தார், பழைய சாமான்களுக்கு விலை மதிப்பிடுகிறவராம், நீ அனுப்பினாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா உனக்கு? ஹாலில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினார், அதுதான் அந்தக் காலத்து மலாக்கா ஆற்றங்கரை, பாய்மரக் கப்பல், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், சாக்கு மூட்டைகள் எல்லாம் இருக்குமே. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார், கடைசியில், "ஆண்ட்டி, இது கையால வரைஞ்சது இல்லலா, மெஷின்ல அடிச்ச பிரிண்ட்டு. கலர் மங்கிருச்சு, ஃபிரேம் மட்டும் ஸ்ட்ராங்கா இருக்கு. அழகுக்கு மாட்டிக்கலாம், விலை போவாது" என்றார். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? உன் அப்பா லோரி ஓட்டிய காலத்தில் ஒரு ஹோட்டலில் கழித்துப் போட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தார், வருகிறவர்களிடமெல்லாம் டச்சுக்காரன் காலத்துப் படம் என்று அளந்தார், நீயும் அதை நம்பி வளர்ந்திருக்கிறாய். என்னைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

படம் விலை போகாததில் எனக்கு வருத்தமில்லை. பின்பக்க அட்டையைப் பிரித்தாரே, அங்கே செருகியிருந்த குருத்தோலைச் சிலுவையை, "குப்பை ஆண்ட்டி" என்று என் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். உன் அப்பாவின் கடைசிக் குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து நான் கொண்டுபோன ஓலையை அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மடித்தது அது, நாலே நாளில் பெரிய வியாழனன்று கண்ணை மூடிவிட்டார். பழைய ஓலைகளை எல்லாம் வருஷா வருஷம் விபூதிப் புதனுக்கு முன்னால் சாம்பலுக்கு எரிக்கக் கோயிலில் கொடுத்துவிடுவேன், இது ஒன்றை மட்டும் சாமியாருக்குத் தெரியாமல் ஆறு வருஷமாக ஒளித்து வைத்திருந்தேன். மந்திரித்த ஓலை மீன் செதிலுக்கு நடுவே கிடந்தது ரையன். கையை விட்டு எடுத்தேன். அவரைத் திட்டவில்லை, நம் வழக்கம் அவருக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும்.

அவர் போன பிறகு பார்த்தால் நீ அனுப்பிய பட்டியலை மேசையில் விட்டுப் போயிருக்கிறார். படம், அலமாரி, தையல் மெஷின், கடைசி வரியில் வீடு. அடப்பாவி! என்னிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை, முன்பின் தெரியாத ஆளிடம் மட்டும் வருகிறதா? நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டை விற்க மாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேள். படத்தை உனக்கே பார்சல் பண்ணுகிறேன், அந்த ஆணியில் இப்போது சிலுவை தொங்குகிறது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ராத்திரியில் தலை நனைக்காதே, ஷரோனையும் நனைக்க விடாதே. கோபத்திலும் உங்கள் இருவருக்கும் என் ஆசீர் உண்டு, ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டார். உன் பட்டியலையும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதில் ஒன்றை மறந்துவிட்டாய், வீடு என்ற வரிக்குக் கீழே நானே பேனாவால் சேர்த்திருக்கிறேன்: ரோஸ், வயது எழுபத்தொன்று, கலர் மங்கிவிட்டது, ஃபிரேம் ஸ்ட்ராங், விலை போகாது.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத உன் அம்மா,
ரோஸ் அம்புரோஸ்