பிரபு தட்டில் எதையும் மிச்சம் வைப்பதில்லை

என் ஆசை அக்காவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும்னு நான் அன்னைக்கே சொன்னேன். உன் மகன் பிரபுவுக்கு மூச்சு வாங்கும், முட்டி வலிக்கும், இருபத்து நாலு வயசில் சுகர் வரும்னு டாக்டருக்கு முந்தியே கணித்தவன் உன் தம்பி. எட்டாங்கிளாஸோடு நின்றுவிட்டேன், அம்புட்டுதான்.

நீ போய் ரெண்டு வருஷமாச்சு. பிள்ளை தல்லாகுளம் வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். டாக்டர் எதை, எவ்வளவு சாப்பிடணும்னு எழுதிக் கொடுத்தார். நான் வெந்தயத் தண்ணி கொடுத்தேன். ரெண்டுக்கும் எடை இறங்கவில்லை. எனக்கே வழி தெரியவில்லை என்றால் பார்த்துக்கோ.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டெல்லா மேடம் வந்தார். சோசியல் ஒர்க்கராம்.

"எடை மிஷின் கொண்டாரலையா?" என்றேன்.

"அது ஆஸ்பத்திரியில இருக்குண்ணே. நான் வீட்டைப் பாக்க வந்தேன்."

யார் சமைக்கிறது, யாரோட உட்கார்ந்து சாப்பிடுறான், ஏன் வெளியே போறதில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதுக்கா ஒரு படிப்புன்னு எனக்குச் சிரிப்பு.

அந்நேரம் நம்ம தங்கச்சி மீனா தூக்குவாளியோடு வந்து, அவன் தட்டில் ஆறு இட்லியை வைத்தாள். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான்.

"பசிக்குதா பிரபு?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"பிறகு ஏன்ப்பா?"

அவன் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "எம்புள்ள வயிறு வாடாமப் பாத்துக்கங்கன்னுதான் அம்மா கடைசியாச் சொல்லுச்சு. மாமாதான் பக்கத்துல இருந்தாரு. வேணாம்னு சொன்னா அம்மா பேச்சைத் தட்டுன மாதிரி இருக்கு."

மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு இட்லி வைத்தாள். சொந்தக்காரர்கள் ரெண்டு வருஷமாக இப்படித்தான் வைக்கிறார்கள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க காதால கேட்டீங்களாண்ணே?"

கல்யாண வீட்டில் மைக் கிடைத்தால் விடாதவன் நான். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப வியாழக்கிழமை எல்லாரும் உட்காருவோம். அம்மா எதை நெனச்சு அப்படிச் சொன்னாங்கன்னு அவன்கிட்டப் பேசுவோம். அங்கயிருந்துதான் ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது அக்கா? அந்தப் பிள்ளைக்கு நீ விட்டுப் போனதாக இருப்பது அந்த ஒரு பேச்சுதான். அதையும் நான் பிடுங்கினால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்? பிடுங்காவிட்டால் படியேற மூச்சு இருக்குமா?

வியாழக்கிழமை சொல்லிவிடுகிறேன், உன்மேல் சத்தியம். நான் வந்தபோது நீ கண்மூடிக் கிடந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போனதுக்குத் துட்டி கேட்க வந்தவர்களெல்லாம் கடைசியா என்ன சொல்லுச்சுன்னு கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. அது நானாகச் சொன்னது, அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
பிரபுவின் தாய்மாமன்