மடங்காத பிளேடு

கலுமெட், மிச்சிகன்
நவம்பர் 9

அன்புள்ள ஐலாவுக்கு,

ரெய்னோ மாமா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அரிசோனா வெயிலில் நீயும் உன் கணவர் டேலும் நலமா? கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா வீட்டுக்கே குடிவரப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். "அப்பாவோட குட்டி டிராக்டர்ல பிளேடை மாட்டி வைங்க மாமா, டேல் பனி தள்ளிக்குவாரு" என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

முந்தாநாள் உங்கள் கொட்டகையைத் திறந்தேன். உன் அப்பா சுலோ போன இந்த மூன்று வருஷத்தில் எலி இருக்கையைப் பாதி தின்றிருக்கிறது. 1964ஆம் வருஷத்து வண்டி, புது பேட்டரி வைத்ததும் நாலு தரம் இருமிவிட்டுக் கிளம்பியது. உன் அப்பாவும் இருமாமல் என்றைக்கு எழுந்தான்?

பிளேடின் துருவைச் சுரண்டி, பனி ஒட்டாமலிருக்க கார் மெழுகு பூசினேன். அடிவிளிம்பு இரும்பு தேய்ந்திருந்தது, கழற்றித் திருப்பிப் போட்டேன். பிளேடைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சறுக்குக் கால்களை அரை அங்குலம் இறக்கினேன், இல்லாவிட்டால் வாசல் சரளையெல்லாம் புல்வெளிக்குப் போய்விடும். பின்சக்கரங்களுக்குச் சங்கிலியும் ஆயிற்று. ஆனால் பிளேடை வண்டியில் கோக்க முடியவில்லை. இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் கொட்டகையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிளேடுக்குப் பின்னால் இரண்டு ஸ்பிரிங் உண்டு. கல் இடித்தால் பிளேடு மடங்கி அதைத் தாண்டிவிடும், வண்டிக்கு அதிர்ச்சி இல்லை. சுலோவின் கடைசிக் குளிர்காலத்தில் ஸ்பிரிங் தளர்ந்து, ஈரப்பனிக்கே மடங்கியது. "என்னடா சுலோ, உன் பிளேடு போற வழியெல்லாம் கும்பிடு போடுது" என்று கேலி செய்தேன். "வாய் மட்டும்தானா, கையும் இருக்கா உனக்கு?" என்றான் உன் அப்பா. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கீலில் ஒரு போல்ட்டைச் செருகி, மடங்காமல் இறுக்கிவிட்டேன். இங்கே பலரும் செய்வதுதான். சொந்த வாசல், எந்தக் கல் எங்கே என்று தெரியும் என்ற தைரியம். ஆனால் மண் உறைந்தால் அடியில் கிடக்கும் கல்லை மேலே தள்ளும். இந்த ஊரிலேயே பிறந்தவன், எனக்கா அது தெரியாது?

மறுநாள் காலை, வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். உங்கள் வாசலில் பிளேடு சுரண்டும் சத்தம் கேட்டது. திடீரென்று டங்கென்று நின்றது. ஓடினேன். வண்டி புதிதாக எழும்பிய கல்லில் முட்டி நின்றது, சுலோவின் நெஞ்சு ஸ்டியரிங்கில் கிடந்தது. இறக்கிப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தினேன். மூச்சு திரும்பவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தப் போல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பயம், வேறென்ன சொல்ல. டாக்டர் மாரடைப்பு என்றார். நானும் தலையாட்டினேன். அடக்கத்தன்று நீ என் தோளில் சாய்ந்து, "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே மாமா" என்று அழுதாய். அப்போதும் உன் தலையைத் தடவிக்கொடுத்ததோடு சரி.

அன்றிலிருந்து பனி விழுகிற காலையெல்லாம் அந்தச் சத்தம் கேட்கிறது, ஐலா. சுரண்டுகிறவரை பயமில்லை, அவன் வேலையில் இருக்கிறான் என்று நிம்மதியாகக்கூட இருக்கும். நிற்கும்போதுதான் உயிர் போகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் உங்கள் வாசலில் பனி இடுப்பளவு கிடக்கும், ஒரு தடமும் இருக்காது. முதலில் என் மனைவி ஹெல்மி தடுத்துப் பார்த்தாள். இப்போது என் பூட்ஸைக் கதவோரம் எடுத்து வைத்துவிடுகிறாள்.

புது ஸ்பிரிங் வாங்கி வைத்திருக்கிறேன். நான் மாட்டலாமா, வேறு ஆளைப் பார்ப்பாயா, நீ சொல். போலீஸிடம் சொல்வதானாலும் நான் மறுக்கமாட்டேன். பதில் மட்டும் எழுது, மகளே. திட்டியாவது எழுது. இந்த வருஷத்து முதல் பனி வியாழக்கிழமை விழும் என்கிறார்கள். இந்த முறை அவன் நின்றதும் ஓடிப் போய், "உன் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்டா" என்று சொல்லவாவது செய்வேன்.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள்.

மாமா என்று எழுதக் கை வராமல்,
ரெய்னோ