இல்லை என்று சொல்லப் பழகியவள்

ஆஷ்ஃபீல்டு, சிட்னி
13 ஜூன் 1993

என் அமினியாசிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைக்காவிட்டால் இங்கே எனக்குத் தூக்கம் வராது. குளிர் எலும்பைத் தேடி வருகிறது. நான் பார்த்துக்கொள்ளும் திருமதி ஹார்கிரேவ் நல்ல மனுஷிதான். ஆனால் சூப்பில் ஒரு கல் உப்புப் போட விடமாட்டாள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். கம்பளிக் கோட்டு வாங்கலாம் என்று சம்பளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சென்ட்ரல் ரயில் நிலையத்துச் சுரங்கப்பாதையில் சிவப்புத் தாடிக்காரன் ஒருவன் வழியை மறித்தான். "தங்கச்சி, பர்ஸத் தொலைச்சிட்டேன்மா. நியூகாசில்ல அம்மா ஆஸ்பத்திரியில கெடக்குறாங்க. டிக்கெட்டுக்குக் கொஞ்சம் குறையுது" என்றான். நான் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து, "உங்க ஊர் எது, அம்மாவுக்கு என்ன ஒடம்புக்கு" என்றெல்லாம் விசாரித்தேன். பிறகு கோட்டுக் காசை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வேறென்ன செய்வேன், சொல்? நம் ஊரில் கெரெகெரே, இது எனக்கு வேண்டும் என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு நாக்கு ஏது? கேட்டவன் அன்றிலிருந்து நம் ஆள். நாளைக்கு எனக்கு ஒரு முடை என்றால் நானும் அவனிடம் போய்க் கேட்கலாம். அப்படித்தானே வளர்ந்தோம்.

மறு வாரமும் அவன் அங்கேதான் நின்றான். நான் ஓடிப்போய், "அண்ணே, அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, பர்ஸத் தொலைச்சிட்டேன்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தான்.

காசு போனால் போகட்டும். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லையே, அதுதான் தாங்கவில்லை. ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

உன் கெலேரா


சுவா, ஃபிஜி
2 ஜூலை 1993

என் அசட்டு கெலேராவுக்கு,

சிரிக்காதே என்று நீ எழுதியும் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். அந்தச் சிவப்புத் தாடி நம் தொழில்காரன்தான். ஆனால் கைவேலை தெரியாதவன். நானாவது காசுக்கு ஒரு மரக்கத்தியைக் கொடுக்கிறேன்!

துறைமுகத்தில் உன் புருஷன் என்ன செய்கிறான் என்று உனக்குத் தெரியாதா? கப்பலிலிருந்து இறங்குகிறவர்களில் யார் நடை தளர்கிறதோ அவர்தான் எனக்கு. "வாங்கண்ணே, பேரு என்ன?" என்பேன். பெயரைச் சொன்னால் போதும். குழந்தை குட்டியை விசாரிக்கிற சாக்கில் அந்தப் பெயரைக் கத்தியில் செதுக்கிவிடுவேன். தன் பெயர் ஏறிய பொருளை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போக எவனுக்கும் மனசு வராது. ஆகையால் வழியில் எவனாவது பெயரைக் கேட்டால், கையில் எதையாவது திணித்தால், நடையைக் குறைக்காதே. சும்மா கொடுப்பதுபோல் கொடுக்கிறவன்தான் அதிகம் கேட்பான்.

பையைத் திறந்து காட்டாதே. சில்லறையைத் தனியாகச் சட்டைப் பையில் வை. பசி என்றால் ரொட்டி வாங்கிக் கொடு. டிக்கெட் என்றால், "வாங்க, கவுண்டர்ல நானே எடுத்துத் தர்றேன்" என்று சொல். நிஜமாக ஊருக்குப் போகிறவன் கூடவே வருவான். மற்றவனுக்குக் கோபம் வரும், அல்லது ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்பான். அப்போது ஒரே ஒரு தடவை, சிரித்தபடி "இல்லை" என்று சொல். காரணம் சொல்லாதே. நீ காரணம் சொன்னால் அவன் அதற்குப் பதில் சொல்வான், நீ வீடு வந்து சேரமாட்டாய். கப்பல்காரர்களில் எனக்குப் பிடிபடாதவர்கள் காரணம் சொல்லாதவர்கள்தான்.

கண்ணாடி முன்னால் நின்று தினமும் சொல்லிப் பழகு.

ஜனவரிப் புயலில் போன கூரைக்கு இன்னும் தார்ப்பாய்தான். தகரத்துக்குக் கொஞ்சம் அனுப்பினால் நல்லது.

உன் அமினியாசி


ஆஷ்ஃபீல்டு
22 ஆகஸ்ட் 1993

என் அமினியாசிக்கு,

தகரத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஆணியையும் மறக்காமல் வாங்கு.

நீ சொன்னபடி பழகினேன். திருமதி ஹார்கிரேவ் அறையிலிருந்து, "யாருக்குடியம்மா இல்லைங்கற?" என்று கேட்டாள். "சும்மா சொல்லிப் பாக்குறேன்மா" என்றேன். அவளும் சேர்ந்துகொண்டாள். அவளே பிச்சைக்காரி மாதிரி கையை நீட்டுவாள், நான் இல்லை என்பேன், அவள் என் குரலில் பிழை கண்டுபிடிப்பாள். "இது இல்லைங்கற குரலா? எவ்வளவு வேணும்னு கேக்குற குரல்!" என்று திட்டினாள்.

தெருவில் முதல் தடவை சொன்னபோது என்ன ஆயிற்று தெரியுமா? பின்னாலேயே ஒரு பெரியவர் "அம்மா, அம்மா" என்று ஓடி வந்தார். நான் நடையைக் குறைக்கவில்லை. "இல்லை!" என்று சிரித்தேன். அவர் விடவில்லை, மூச்சு வாங்க முன்னால் வந்து நின்றார். கையில் என் கையுறை. கீழே விழுந்திருந்ததாம். மானம் போயிற்று. வீட்டுக்குக் கூட்டி வந்து டீ போட்டுக் கொடுத்தேன்.

அமினியாசி, மார்ச்சோடு என் ஒப்பந்தம் முடிகிறது. கிழவியின் மகன் இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறான். இங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் சாப்பிடும்போது எதிரே பேச ஆள் இல்லை. உன் குறட்டைக்குக்கூட ஏங்குகிறேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

உன் கெலேரா


சுவா
19 செப்டம்பர் 1993

அன்பு கெலேராவுக்கு,

கூரை போட்டாயிற்று. அக்கம்பக்கத்தார் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். கப்பல் வரத்து குறைவு. அங்கே நல்ல உளி கிடைத்தால் ஒன்று அனுப்பு, என்னுடையது மழுங்கிவிட்டது. சபைப் பாடகர் குழுவுக்கு வெள்ளைச் சட்டை வேண்டுமாம், முடிந்தால் எனக்கு ஒன்று.

அந்த இரண்டு வருட விஷயம் உன் இஷ்டம்.

அமினியாசி


ஆஷ்ஃபீல்டு
17 அக்டோபர் 1993

அமினியாசிக்கு,

உளியும் சட்டையும் தனிப் பார்சலில் வரும்.

உன் இஷ்டமாம்! இதை எழுதவா ஒரு கடிதத்தாள்? தகரம் கேட்கத் தெரிகிறது, உளி கேட்கத் தெரிகிறது, சட்டைக்கு உன் அளவு எனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கத் தெரியவில்லை. ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து வேறு எதையோ கேட்கிறவனை நம்பாதே என்று இங்கே ரயில் நிலையத்தில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். உன் கடிதத்தைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

நான் வேண்டுமா, வேண்டாமா? வேறு யாராவது சேம்பு அவித்துப் போடுகிறாளா? அப்படியென்றால் அதையாவது நேராக எழுது.

கெலேரா


சுவா
14 நவம்பர் 1993

கெலேரா,

யாரும் அவித்துப் போடவில்லை. நானே அவித்து நானே கருக்கிக்கொள்கிறேன்.

நீ கோபத்தில் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். உன்னிடம் யார் எதைக் கேட்டாலும் கொடுப்பாய். முன்பின் தெரியாத தாடிக்காரனுக்கே கோட்டுக் காசைக் கொடுத்தவள். நான் வா என்று சொன்னால் நாளைக்கே மூட்டையைக் கட்டிவிடுவாய். மனசார வந்தாயா, கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் வந்தாயா என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே உனக்குக் கைநிறையச் சம்பளம், கணப்படுப்பு, மதிப்பாக நடத்துகிறவர்கள். அதையெல்லாம் ஒரு வார்த்தையால் உன்னிடமிருந்து பிடுங்க எனக்குக் கை வரவில்லை.

தகரம் கேட்கலாம். தகரம் போனால் உனக்கு ஒன்றும் ஆகாது.

அமினியாசி


ஆஷ்ஃபீல்டு
9 ஜனவரி 1994

என் அமினியாசிக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. இப்போது வருகிறது.

கிறிஸ்துமஸுக்கு வைசேயா அண்ணன் வந்திருந்தார், என் பெரியப்பா மகன். சாப்பிட்டு முடித்ததும் என் ரேடியோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கெலேரா, கெரெகெரே. இது எனக்கு வேணும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நம் மொழிப் பாட்டு வருகிற ரேடியோ அது. "இல்லண்ணே. இது எனக்கு வேணும்" என்றேன்.

அமினியாசி, சுரங்கப்பாதையில் வெள்ளைக்காரனுக்கு இல்லை என்பது ஒரு பெரிய விஷயமில்லை. கூடப்பிறந்தவர் போன்றவருக்கு, அதுவும் அண்ணனுக்கு! அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்பதுபோல் பார்த்தார். "என்ன சொன்ன?" என்றார். மறுபடியும் அதையே சொன்னேன், காரணம் சொல்லவில்லை. ரேடியோவை மெதுவாக மேசைமேல் வைத்தார். "வெள்ளைக்காரி ஆயிட்ட" என்றார். நான் உள்ளே போய் அழுதேன். திரும்பி வந்து டீ கொடுத்தேன், குடித்தார். ஆனால் இங்குள்ள நம் ஊர்ச் சபையில் சொல்லிவிட்டார். பெண்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வலிக்கத்தான் செய்கிறது.

ஆனால் சொல்லிவிட்டேன், பார்த்தாயா? எனக்கு இல்லை என்று சொல்ல வரும். உனக்கும் சொல்வேன், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வேன். இனி நீ பயப்பட வேண்டியதில்லை.

உனக்கு என்ன வேண்டுமோ, இப்போது கேள்.

உன் கெலேரா


சுவா
6 பிப்ரவரி 1994

என் கெலேராவுக்கு,

வைசேயாவின் முகத்தை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

புதுத் தகரத்தில் மழை பெய்தால் வீட்டுக்குள் பேசுவது காதில் விழாது. பேசத்தான் யார் இருக்கிறார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் கை தவறி இரண்டு பேருக்கு அவித்துவிடுகிறேன். துறைமுகத்தில் இறங்குகிற ஒவ்வொரு பெண்ணிடமும் பெயர் கேட்கிறேன். எவளும் உன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால்தான் என்ன செய்வேன், தெரியவில்லை.

கெலேரா, வந்துவிடு. நான் கேட்கிறேன்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. காரணம் எழுத வேண்டாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வருகிறேன் என்றாலும் உடனே எழுதாதே. ஒரு நாள் வைத்திருந்து எழுது.

அமினியாசி