கடலுக்குப் போகாத ஆமை

மச்சான்,

இன்று பலெர்மோவில், கபோச் சந்தைக்குள் குழாய் புதைக்கத் தெருவைக் கிண்டி வைத்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்தக் குழிக்குள் இருந்து மட்டும் குளிர்ந்த மண்வாசம். நின்றுவிட்டேன். நாங்கள் இருவரும் வேலை பார்த்த இத்தாலிய வீட்டுக்காரி, அந்தச் சிஞ்ஞோராவின் ஆமை ஞாபகம் வந்துவிட்டது.

அவவின் புருஷன் ஆபிரிக்காவில், சகாராவுக்குக் கீழே எங்கேயோ இருந்து கொண்டுவந்தது. லொறிச் சக்கரம் அளவு. ஒற்றைக் கையால் தூக்குவேன் என்று நான் பலெர்மோ முழுக்கச் சொல்ல, நீ மட்டும், "கதை விடாதை மச்சான், அது உன்னைத் தூக்காட்டில் சரி" என்பாய். கள்ளிமடலை முள்ளோடு தின்னும். தண்ணீர்ச் சட்டியை அநேகமாகத் திரும்பியும் பார்க்காது. பின்தொடையில் சேவலுக்குப் போல முள்.

தொண்ணூற்றுமூன்று கோடையில் வீட்டுக்காரர் மலைக்குப் போயிருக்க, ஆமையைக் காணவில்லை. அது உன் பொறுப்பு. வேலை போனால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. அது இல்லாமல் இந்த நாட்டில் நிற்கவும் ஏலாது. உன் முகத்தில் உயிர் இல்லை. ஆனாலும் நீ மன்னார்க்காரன். "ஆமை எண்டால் கடலுக்குத்தான் போகும், ஓடி வா!" என்றாய். எனக்குத் தெரியாத பிராணி உலகத்தில் ஏது? "ஓம், முட்டை போட்டால் நேரே கடல்தான்" என்று நானும் உறுதி சொன்னேன். அது ஆண் என்பது பிறகுதான் தெரிந்தது.

கால்சாக் கடற்கரையெல்லாம் ஓடினோம். இத்தாலியனிலும் கடலாமைக்கும் தரையாமைக்கும் ஒரே சொல். வலை தைத்த கிழவரிடம் "தர்த்தரூகா?" என்று கேட்க, அவர் கடலைக் காட்டி, "அங்கே நிறைய, எது வேண்டும்?" என்று சிரித்தார்.

திரும்பி வந்தால் தோட்டத்து எலுமிச்சைக்குக் கீழே புது மண். சரிவாக இறங்கும் ஒரு வளை. நீ குப்புறப் படுத்து அதன் வாயில் உள்ளங்கையை வைத்தாய். "மச்சான், ஈரக்காத்து வருது!" நான் டோர்ச் அடித்தேன். முப்பது அடிக்கு அப்பால் (நீ ஆறு என்பாய்) அந்தப் பின்பக்கம், முள்ளோடு. தன் ஊரில் வெயில் கொதிக்கும்போது இந்த இனம் இப்படித்தான் நிலத்தைத் தோண்டி ஈரத்துக்குள் இருந்துவிடுமாம். சிஞ்ஞோரா வந்து சொன்னா. ஆனால் நீ அதற்கு முன்னமே, அழுதுகொண்டே சிரித்துச் சொல்லிவிட்டாய்: "கடலுக்குப் போகேல்லை. நிலத்துக்குள்ளை தனக்கொரு கடல் செய்து வைச்சிருக்கிறார்."

இந்த ஆனியில் உன்னைக் குழிக்குள் இறக்கிய அன்று எல்லாருக்கும் வியர்த்து வழிந்தது. பாதர் செபம் சொல்ல, மண் போடக் குனிந்த நான் குழியின் வாயில் உள்ளங்கையை வைத்தேன். உன் மனுசி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. சத்தியமாக, இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை மச்சான்: ஈரக்காற்று வந்தது.